கடற்கரை மணலும் கடைமடைக் கிணறும்

கடலோரக் கிராமங்களில் நிலம் வைத்துள்ள உழவர் பெருமக்கள் மண் பரிசோதனை முகாமுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நிலத்தில் உப்பு ஏறிவிட்டது, என்ன மருந்து போடலாம்?" என்பதே அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யம் வட்டத்தில் நடந்த ஒரு முகாமுக்கு வந்த விவசாயி ஒருவர், பையில் வயல் மண்ணும் புட்டியில் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் கொண்டு வந்திருந்தார். நீரைச் சோதித்ததில் மின்கடத்தும் திறன் 4.6 டெசிசைமன் காட்டியது. நெல்லுக்குப் பாய்ச்சும் நீரில் இந்த அளவு 2ஐத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். 5ஐ நெருங்கும்போது ஏறத்தாழப் பாதி விளைச்சல் போய்விடும்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தண்ணியைத்தான் சார் குடிச்சோம்" என்றார் அவர்.

மறுநாள் அவருடைய நிலத்தைப் போய்ப் பார்த்தேன். நிலத்திற்குக் கிழக்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில், நீளமான மணல்மேடு ஒன்று இருந்திருக்கிறது. அதில் அவருடைய பங்கை வெட்டி விற்றுவிட்டார். சமப்படுத்திய இடத்தில் தென்னங்கன்றுகள் நின்றன. மீதிப் பாதி அவருடைய தம்பிக்கு உரியது. அதற்கும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்டுக்கும் கிணற்று நீருக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அண்ணனோ தம்பியோ நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயிரைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் அவர்களிடம் பேசிய நாங்கள், கடற்கரையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆகவே, கடற்கரை எப்படி உருவாகிறது, அதை நாம் எப்படி மாற்றுகிறோம், அதனால் வயலுக்கு என்ன வருகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் விட்டுப்போன நிலம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் நோக்கிப் பேருந்தில் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சாலை ஒரு மேட்டில் ஏறும். வீடுகளும் மாந்தோப்பும் முல்லைக் கொல்லையும் வரும். பிறகு பள்ளத்தில் இறங்கும், நெல்வயல் வரும். மீண்டும் மேடு, மீண்டும் பள்ளம். இந்த மேடுகள் யாரும் கொட்டியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்த இடம். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைய கரையைவிட நன்றாக உள்ளே இருந்தது. பிறகு படிப்படியாகக் கிழக்கேயும் தெற்கேயும் விலகியது. அது நின்ற இடங்களிலெல்லாம் அலைகளும் காற்றும் மணலை வரிசையாகக் குவித்துவிட்டுச் சென்றன. மேடுகளுக்கு நடுவில் இருந்த பள்ளங்களில் ஆற்று வண்டல் படிந்து வயலாயிற்று. மேட்டில் குடியிருப்பு, பள்ளத்தில் நெல் என்று நம் முன்னோர் வகுத்த முறை, கடல் வரைந்து வைத்த படத்தின் மேல் அமைந்ததே.

இந்த நிலத்திற்கு மூலப்பொருள் கொடுத்தது காவிரி. குடகு மலையில் தொடங்கி வரும் வழியிலெல்லாம் அரித்த மண்ணை வெண்ணாறு, அரசலாறு, கொள்ளிடம் எனப் பல கிளைகளின் வழியாகக் கடலோரத்தில் கொண்டு வந்து சேர்த்தது. அதில் நுண்ணிய வண்டல் வயலிலும் கழிமுகத்திலும் தங்கிற்று. பருமணல் கடலில் விழுந்தது. விழுந்த மணலைக் கடல் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அலைகளால் திருப்பிக் கொடுக்கிறது. கரையில் உலர்ந்த மணலைக் காற்று தூக்கி உள்ளே தள்ளுகிறது. வழியில் ஒரு செடி நின்றால் அதன் அடியில் மணல் தங்கும். செடி வளர மணலும் உயரும். இப்படித்தான் மணல்மேடு பிறக்கிறது. அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து வருகின்றன. ராவணன் மீசை காலில் குத்தும் என்று அதைக் கொளுத்திவிடுவோர் உண்டு. கொளுத்திய இடத்தில் அடுத்த ஆனியில் மணல் பறந்து வந்து கொல்லையை மூடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மணல் நடந்துகொண்டே இருக்கிறது

கரையில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பது போலத் தோன்றினாலும் அது எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். சற்றுச் சாய்வாகவே வந்து மோதும். மோதும்போது மணலைச் சாய்வாக மேலே ஏற்றும், திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம்.

இந்த நடையை ஒரு வாய்க்காலாக எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் ஒருவர் குறுக்கே வரப்புப் போட்டால், மேலே நீர் தேங்கும், கீழே காயும். சென்னையில் 1876ஆம் ஆண்டு முதல் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தேங்கியது. இன்று நாம் காணும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெரும்பாலும் அப்படிச் சேர்ந்ததே. சுவருக்கு வடக்கே இருந்த ராயபுரம் பகுதிக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அங்கே கடல் தெருக்களையே அரித்தது. புதுச்சேரியில் 1980களின் பிற்பாதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டபோதும் இதே கதை நிகழ்ந்தது. நகரின் முன்னால் இருந்த மணற்கரை மறைந்து கருங்கல் அடுக்கு வந்தது. கல் அடுக்கிய இடத்தில் அரிப்பு நின்றாலும், அது அடுத்துள்ள வடபுறக் கிராமத்துக்கு நகர்ந்தது. அங்கும் கல் அடுக்கினார்கள். அதற்கும் வடக்கே அரித்தது. ஒருவர் தம் வயலில் நின்ற வெள்ளத்தைப் பக்கத்து வயலுக்கு வெட்டிவிட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆயிற்று.

மனிதன் கை வைக்காத இடத்திலும் கடல் தின்னும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடியில் 1306ஆம் ஆண்டு கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலைகளுக்கு இரையாகிவிட்டது. அங்கே பெரிய துறைமுகச் சுவர் எதுவும் இல்லாத காலத்திலேயே அந்த அரிப்பு நடந்துகொண்டிருந்தது. கரை என்பது வரவும் செலவும் உள்ள கணக்கு. வரவு குறைந்தாலும் செலவு கூடினாலும் கரை பின்வாங்கும். நாம் செய்வதெல்லாம் அந்தக் கணக்கில் கை வைப்பதுதான்.

வரவு குறைந்ததற்குப் பெரிய காரணம் அணைகள். கிருஷ்ணராஜசாகரும் 1934இல் முடிந்த மேட்டூர் அணையும், 1970களிலும் அதன் பிறகும் மேலே கட்டப்பட்ட மற்ற அணைகளும் நீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் தேக்குகின்றன. அணைக்குள் வரும் நீர் அசைவற்று நிற்பதால் மண் அடியில் படிந்துவிடுகிறது. மேட்டூர் இல்லாவிட்டால் குறுவை ஏது என்று நீங்கள் கேட்பது நியாயம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மேட்டூர்த் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த நானும் அணையைத் தூற்ற மாட்டேன். ஆனால் ஆறு கொண்டு வந்த மணலின் வரத்து சுருங்கிவிட்ட பிறகும், இருக்கின்ற மணலை ஆற்றிலிருந்தும் கரையிலிருந்தும் அள்ளி விற்பது, வருமானம் நின்றுபோன வீட்டில் விதைநெல்லை எடுத்து உண்பதற்கு ஒப்பாகும்.

மேட்டின் அடியில் உள்ள நன்னீர்

இனி கிணற்றுக்கு வருவோம். உப்பு நீரைவிட நல்ல நீர் இலேசானது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அது நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை கூடுதலாக உள்ளது. கடலோர மணலின் அடியில் இவை இரண்டும் சந்திக்கின்றன. மழைநீர் மணலில் இறங்கி, உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல என்று கொள்ளலாம். ஆனால் எண்ணெயைப் போலன்றி, இவை எல்லையில் மெல்லக் கலக்கக் கூடியவை.

இதில் வியப்பான கணக்கு ஒன்று உண்டு. ஹாலந்து நாட்டுக் கடற்கரையில் பேடன் கைபன் என்பவரும், பின்னர் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தது அது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி உயரம் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். மேலே நிற்கும் அந்த ஓர் அடியின் பாரம்தான் கீழே உள்ள உப்பு நீரை அழுத்தி வைக்கிறது. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போய்விடும். இது சீரான மணற்பாங்கான நிலத்துக்கு உரிய கணக்கு. களிமண் அடுக்குகள் குறுக்கிட்டால் அளவு மாறும். ஆயினும் போக்கு இதுதான்.

அந்த ஓர் அடி நீர் எங்கே சேர்கிறது? மணல்மேட்டில்தான். மழை பெய்யும்போது களிமண் வயலில் விழும் நீரில் பெரும்பகுதி வடிகாலில் ஓடிவிடும். மணல்மேட்டில் விழுவது நேரே உள்ளே இறங்கும். மேட்டின் அடியில் நீர்மட்டம் சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். மேட்டை வெட்டித் தட்டையாக்கினால் அந்த நீர்மட்டம் தரைக்கு அருகில் வந்து, வெயிலில் ஆவியாகிப் போகிறது. மழை பெய்தாலும் சேமித்து வைக்க இடமில்லை. அழுத்தி வைத்த பாரம் குறைந்ததும் உப்பு நீர் அடியிலிருந்து எழும்பி வருகிறது. அதன் மேல் ஒரு நீர்மூழ்கி மோட்டாரையும் ஓட்டினால் கேட்க வேண்டியதில்லை. குழாயின் வாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல மேலெழுந்து வரும். முதலில் சற்றுக் கரிக்கும். விவசாயி என்ன செய்கிறார்? "மேல் தண்ணி கெட்டுப்போச்சு, இன்னும் ஆழமாகப் போடலாம்" என்று இன்னும் 50 அடி இறக்குகிறார். நல்ல நீர் மேலே இருக்க, உப்பு நீரைத் தேடிப் போகிறார் என்று பொருள்.

வேதாரண்யம் பகுதியில் பழைய காலத்துப் புகையிலைக் கொல்லைகளைப் பார்த்தவர்களுக்கு வேறொரு முறை நினைவிருக்கும். கொல்லையின் நடுவே ஆழமில்லாத குட்டை வெட்டி, ஊறும் நீரைக் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். எவ்வளவு மொண்டாலும் நீர்மட்டம் சிறிதே இறங்கும், இரவில் ஊறிவிடும். பாலின் மேல் படியும் ஏட்டை மட்டும் எடுப்பது போல, மிதக்கும் நன்னீரை மட்டும் எடுத்த முறை அது. கைபன் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதன்படியே நடந்தார்கள். இன்று குடத்தால் ஊற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆளும் கிடையாது, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் ஓர் ஆழ்குழாயில் ஒரே மூச்சில் 6 மணி நேரம் இறைப்பதைவிட, ஆழமில்லாத இரண்டு மூன்று குழாய்களை இணைத்துச் சிறிய மோட்டாரால் விட்டு விட்டு இறைப்பது கடலோர மணலுக்கு ஏற்றது.

புயலும் மேடும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நாகை மாவட்டக் கடற்கரையில் பல ஆயிரம் ஏக்கர் விளைநிலத்தில் கடல்நீர் புகுந்தது. மணல்மேடு உயரமாகவும் அறுபடாமலும் இருந்த இடங்களில் அது நீரின் வேகத்தைத் தடுத்தது. ஆற்று முகத்துவாரம் வழியாகவும், மேடு வெட்டுப்பட்ட இடைவெளிகள் வழியாகவும் நீர் உள்ளே பாய்ந்தது. மேட்டை மீறிய அலையும் உண்டு. மணல்மேடு இருந்தால் ஆழிப்பேரலை வராது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். ஆனால் அத்தகைய அலை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதே அரிது. 1952, 1977, 2018ஆம் ஆண்டுகளில் நாகைப் பகுதி கண்டது போன்ற புயல்கள் அடிக்கடி வருபவை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது பட்டுக்கோட்டை வரை தென்னந்தோப்புகள் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றை மேடு நிறுத்தாது. ஆனால் புயலோடு எழும்பி வரும் கடல்நீரை வயலுக்குள் விடாமல் பிடிப்பதற்கு மேட்டைவிடச் சிறந்த கரை கிடையாது. கடலும் சும்மா இருக்கவில்லை. 1993 முதல் செயற்கைக்கோள் கொண்டு அளந்ததில் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து வருகிறது. கையகலம் கூட இல்லையே என்று தோன்றலாம். முன்னே கண்ட நாற்பது மடங்குக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

சவுக்கைப் பற்றி ஒரு சொல். காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு நல்ல மரம், பணமும் தரும். அதை நடுவதற்காக இயற்கையான மேட்டை இயந்திரம் விட்டுச் சமப்படுத்துவது மட்டும் கூடாது. கடலை ஒட்டிய சரிவில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும், உச்சியில் தாழையும் பனையும் புன்னையும், அதற்கும் மேற்கே சவுக்கும் இருப்பதே முறை.

முகத்துவாரமும் வடிகாலும்

ஆற்றில் நீர் நிறைந்து வரும்போது அது முகத்துவாரத்தில் உள்ள மணலைத் தள்ளிவிட்டுக் கடலில் சேரும். நீர் குறைந்தால் கரையோரம் நடந்து வரும் மணல் வாயை அடைத்துவிடும். மேலே நீரைத் தேக்கித் திறந்துவிடும் முறை வந்த பிறகு முகத்துவாரங்கள் ஆண்டின் பல மாதங்கள் அடைபட்டே கிடக்கின்றன. ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டும் மழைக்கு நீர் வெளியேற வழியில்லாமல் சம்பா நாற்று அழுகுகிறது. அதே சமயம் கோடையில் ஆற்றில் நீர் ஓட்டமில்லாதபோது, வாய் திறந்துள்ள ஆறுகளில் கடல்நீர் மேலேறி வருகிறது. மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்த ஆறுகளில் அது மேலும் உள்ளே வரும். கடைமடைக் கதவணைகள் கட்டப்பட்டது இதைத் தடுக்கத்தான். கதவணையின் பலகை ஒன்று துருப்பிடித்து இடுக்கு விட்டிருந்தாலும் ஒவ்வொரு கடலேற்றத்துக்கும் உப்பு நீர் உள்ளே வந்து போகும். மழைக்கு முன் நீர்வளத் துறையிடம் மனுக் கொடுக்கும்போது வாய்க்கால் தூர் வாருவதோடு கதவணைப் பலகையையும் சேர்த்து எழுதுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

தேங்கிய உப்பு நீர் என்ன செய்யும் என்பதற்குப் பிச்சாவரம் சான்று. அங்குள்ள சதுப்பு மரக்காடுகளை முன்பு பகுதி பகுதியாக முழுவதும் வெட்டி விற்றார்கள். 1970களின் நடுப்பகுதி வரை இது நடந்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமிழ்ந்து தொட்டி போலாயிற்று. கடலேற்றத்தின்போது புகுந்த நீர் திரும்ப வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்து, பின்னர் எந்த மரமும் முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி நீர் வந்து போக வழி செய்ததும் கன்றுகள் பிடித்தன. உப்பிலே வாழும் மரத்துக்கே வடிகால் இல்லாவிட்டால் வாழ்வில்லை என்றால் நெல்லின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

இறால் குட்டைகள் 1990களில் நாகைக் கடற்கரையில் பரவியபோது நடந்ததும் இதே தன்மையுடையது. வயலைவிட உயரமாகக் கரை கட்டிக் கடல்நீரைத் தேக்கியதால் பக்கத்து வயலுக்கு உப்பு கசிந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இறால் பண்ணைக்குப் பதிவு கட்டாயம். குத்தகைக்குக் கேட்டு வருபவர் தரும் தொகை நெல்லைவிட அதிகமாகத் தோன்றும். குத்தகை முடிந்து நிலம் திரும்பி வரும்போது அதைத் தேற்ற ஆகும் ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

உப்பு ஏறிய வயலுக்கு

முதலில் உவர் வேறு, களர் வேறு என்பதை அறிய வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மண் சாற்றின் மின்கடத்தும் திறன் 4க்கு மேல் இருக்கும். களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5க்கு மேல் போகும். ஜிப்சம் களருக்கு மருந்து. வெறும் உவருக்கு அது பயன்படாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உவர் வயலுக்கு நான் சோதனை முடிவு வரும் முன்பே ஜிப்சம் போடச் சொல்லிவிட்டேன். அந்த விவசாயி கடன் வாங்கி மூட்டை மூட்டையாகப் போட்டார். பயிர் ஒன்றும் தேறவில்லை. இன்றும் அவர் எதிரே வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். கடல்நீர் புகுந்த களிமண்ணில் உவரும் களரும் கலந்திருப்பது உண்டு. அப்போது ஜிப்சம் தேவைப்படும். மண் பரிசோதனை முடிவு வந்த பிறகே வாங்குங்கள்.

உவருக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும்தான். ஓர் அடி ஆழ மண்ணின் ஊடே ஓர் அடி நீர் இறங்கிச் சென்றால் அந்த மண்ணில் உள்ள உப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கரைந்து போய்விடும். அவ்வளவு நீரை நம் பகுதியில் மழைதான் இலவசமாகத் தருகிறது. வரப்பை உயர்த்தி, வயலைச் சிறு பாத்திகளாகத் தடுத்துச் சமப்படுத்தி, ஆழ உழுது, புரட்டாசி, ஐப்பசி மழையைத் தேக்கி நிறுத்துங்கள். சில நாள் நின்று உப்பு கரைந்ததும் வடித்துவிடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். வடிகால் வாய்க்கால் வயலைவிட மூன்றடியாவது ஆழமாக இல்லாவிட்டால் செய்த வேலை வீண். 2004இல் கடல்நீர் நின்ற வயல்களில் பெரும்பாலானவற்றை மீட்டுத் தந்தது அடுத்த ஆண்டின் பெருமழையே. கடல் கொண்டு வந்து படியவிட்ட சேற்றை மட்டும் முதலில் சுரண்டி அகற்ற வேண்டியிருந்தது.

அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமனே போட்டு வைக்காதீர்கள். கோடை வெயிலில் மண்ணின் நுண்துளைகள் வழியே கீழ்நீர் மேலேறி, ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்லும். ஈரம் இருக்கும்போதே கோடை உழவு செய்தால் அந்தத் துளைகள் அறுபடும். கோடை மழை கிடைத்தால் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். இரகத்தைப் பொறுத்தவரை கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை உப்பைத் தாங்குபவை. கடலோர உழவர்கள் காத்து வைத்துள்ள குழியடிச்சானும் உவரைத் தாங்கும். மகசூல் சற்றுக் குறைவுதான். ஆனால் மற்றவை காய்ந்த ஆண்டிலும் அது கதிர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். எந்த இரகமானாலும் நாற்று வயது கூடுதலாக இருக்கட்டும், குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று அதிகம் வையுங்கள். இளம் நாற்றுதான் உப்புக்கு முதலில் சாகும்.

மணல்மேட்டைப் பொறுத்தவரை, 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதன் பின் 2011, 2019இல் வந்தவையும் அம்மண்டலத்தில் மணல் எடுப்பதைத் தடை செய்கின்றன. பட்டா நிலமாயிற்றே என்பது அங்கே செல்லாது. லாரி வரும்போது ஊராட்சியில் சொல்வதற்கு இந்த விவரம் உங்களுக்குப் பயன்படும்.

இதையெல்லாம் அண்ணன் தம்பி இருவரிடமும் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அண்ணன் பேசாமல் இருந்தார். தம்பிதான், "நீங்க சொல்றது புரியுது சார். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். மேடு கிணத்தைக் காப்பாத்தும், கல்யாணத்துக்கு யார் குடுப்பா?" என்று கேட்டார். பயிரியல் படித்தவனிடம் அதற்கு விடை இல்லை. மேட்டுக்குப் பேசிய விலையையும், அவருடைய 2 ஏக்கரில் ஆண்டுதோறும் பாதி நெல் போனால் எத்தனை மூட்டை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நான்காவது ஆண்டில் விலை கரைந்துவிட்டது. அந்தத் தாளை அவர் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார் என்று அண்ணன் சொன்னார்.

மேட்டின் மேற்குச் சரிவில் இப்போது ஆறடி ஆழத்தில் ஒரு குட்டை வெட்டியிருக்கிறார்கள். சென்ற மாசியில் அதன் நீரைச் சோதித்தேன், 1.1 இருந்தது. வெட்டிய பக்கத்து ஆழ்குழாயில் 4.4. தென்னங்கன்றுகளில் பாதி, குட்டைத் தண்ணீர் ஊற்றிய பிறகு குருத்து விட்டிருக்கின்றன. தம்பியின் மேட்டுக்கு இன்னும் ஒருவர் விலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.